செல்லுக்குள் போனது சரி, அப்புறம் எங்கே போனது?

சத்துவாச்சாரி_நிலா | ஞாயிறு, காலை 10.12

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. பயோடெக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெள்ளிக்கிழமை செமினார். மருந்தையும் மரபுப் பொருளையும் செல்லுக்குள் கொண்டுபோகும் பெப்டைடுகள்தான் தலைப்பு.

எல்லாரும் தொடங்கும் இடத்தில்தான் நானும் தொடங்கினேன். 1988-இல் எச்.ஐ.வி. கிருமியின் டாட் என்ற புரதம், வளர்ப்புத் தட்டில் ஊற்றினால் யாரும் தள்ளாமலே செல்லுக்குள் போய்விடுகிறது என்று இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டன. பிறகு அந்தப் புரதம் முழுவதும் வேண்டாம், அதிலுள்ள 11 அமினோ அமிலத் துண்டு போதும் என்று தெரிந்தது (அமினோ அமிலங்கள்தான் புரதத்தைக் கட்டும் செங்கற்கள்). அந்த 11-இல் 6 ஆர்ஜினின், 2 லைசின், அதாவது 8 நேர்மின் ஏற்றங்கள். செல்லின் வெளிப்பக்கம் எதிர்மின். ஒட்டுகிறது, உள்ளே போகிறது, முதுகில் கட்டிய சரக்கும் கூடவே போகிறது.

இதற்கு வேலூர்க் கோட்டைப் படத்தை ஸ்லைடில் போட்டேன். அகழி, மதில், வாசல், பெப்டைடு ஒரு சாவி. எனக்கு ரொம்பப் பிடித்த ஸ்லைடு.

ஒத்திகையில், பச்சையாக ஒளிரும் சாயம் கட்டிய பெப்டைடு போன செல்லின் படத்தைப் பார்த்துவிட்டு மேடம் கேட்டது ஒரே கேள்வி. "செல் பச்சையாக ஒளிர்கிறது, சரி. உள்ளே எங்கே இருக்கிறது அது?" நான் "உள்ளேதான் மேடம்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று இன்னும் முழுசாகப் புரியவில்லை. லேபில் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

காட்பாடி_ஜங்ஷன் | ஞாயிறு, காலை 10.40

பெப்டைடா? எங்கள் ஜிம்மில் ஒருத்தன் வாங்கி வயிற்றில் குத்திக்கொள்கிறான். தோள்பட்டை வலி போய்விடுமாம். அதுவும் இதுவும் ஒன்றா?

---

பாகாயம்_பஸ் | ஞாயிறு, மதியம் 1.05

ஜங்ஷன், ஒன்றில்லை. பெப்டைடு என்றால் சின்னப் புரதத் துண்டு, அவ்வளவுதான். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். இப்போது எடை குறைக்க எல்லாரும் பேசும் செமாகுளூடைடில் 31. இவை எதுவும் செல்லுக்குள் போய் வேலை செய்யத் தேவையில்லை. செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் ஏற்பியைத் தொட்டால் போதும், காலிங் பெல் அடிப்பது மாதிரி. மீதியை உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நிலா கேட்பது, மூட்டையோடு வீட்டுக்குள்ளேயே நுழையும் பெப்டைடு. உன் ஜிம் நண்பன் குத்திக்கொள்வது என்ன என்று பாட்டிலில் எழுதியிருக்கிறதா, எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா, இரண்டும் கேள்விக்குறி. அதை நிறுத்தச் சொல்.

நிலா, உன் மேடம் கேட்டது மிகச் சரியான கேள்வி. நான் 12 வருடமாக செல் கல்ச்சரில், அதாவது லேபில் செல் வளர்க்கும் வேலையில் இருக்கிறேன். அந்தப் பச்சையில் நானும் ஏமாந்தவன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், டாட் துண்டில் ஒளிரும் சாயம் கட்டி செல்கள் மேல் ஊற்றி, மெத்தனாலில் பதப்படுத்தி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். நியூக்ளியஸ், அதாவது செல்லின் உட்கரு, முழுக்கப் பச்சை. பாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். டீ வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதம் அந்தப் படத்தை வைத்தே ஓட்டினோம். அப்புறம் வெளியிலிருந்து வந்த ஒருவர் "உயிரோடு பார்த்தீர்களா?" என்று கேட்டார். உயிருள்ள செல்லில் பார்த்தால் நியூக்ளியஸ் கருப்பு. பச்சை எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாக வெளியே நின்றது.

ஊர் உலகத்துக்கே 2003-இல் தெரிந்த விஷயம் இது. அந்த ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரை, மெத்தனால் போன்றவற்றால் செல்லைக் கொன்று பதப்படுத்தும்போது சவ்வு கிழிந்து, ஒட்டிக்கொண்டிருந்த பெப்டைடு உள்ளே பரவி நியூக்ளியஸில் போய்ப் படிகிறது என்று காட்டியது. பார்ப்பவர் கண்ணுக்கு அது "உள்ளே போய்விட்டது" என்றே தெரியும். அதுவரை வந்த எத்தனையோ அழகான படங்களுக்கு மறுபரிசீலனை தேவைப்பட்டது.

அந்தப் புள்ளிகள்தான் எண்டோசோம். செல் தன் சவ்வையே உள்ளே மடித்து ஒரு பையாக்கி, வெளியே ஒட்டியிருப்பதை விழுங்கும். பெப்டைடு பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வருகிறது. அதாவது செல்லுக்குள் இருக்கிறது, ஆனால் பைக்குள் இருக்கிறது. பை கொஞ்ச நேரத்தில் அமிலமாகி, லைசோசோம் என்ற குப்பைக் கிடங்கில் போய்ச் சேர்ந்து, உள்ளே இருப்பதெல்லாம் செரிக்கப்பட்டுவிடும். உன் சரக்கு எஸ்.ஐ. ஆர்.என்.ஏ. (ஒரு மரபணுவின் வேலையை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.) என்றால் அது பையைக் கிழித்துக்கொண்டு சைட்டோபிளாசத்துக்கு, அதாவது நியூக்ளியஸைச் சுற்றியிருக்கும் கூழுக்கு வர வேண்டும். டி.என்.ஏ. என்றால் அதற்கு மேலும் நியூக்ளியஸ் வரை போக வேண்டும்.

அதனால் கோட்டைப் படத்தை எடுத்துவிடு. வாசல் இங்கே பிரச்சினையே இல்லை. புது பஸ் ஸ்டாண்டுக்கு பார்சல் வந்துவிட்டது, ஆனால் லக்கேஜ் அறையை விட்டு வெளியே வரவில்லை என்பது மாதிரி.

---

எதற்கும்_சந்தேகம் | ஞாயிறு, மாலை 6.30

1988-இலிருந்து எண்ணினால் 35 வருடத்துக்கு மேல் ஆகிறது. மருந்துக்கடையில் இப்படி ஒரு மருந்தாவது இருக்கிறதா? எலியில் ஜெயித்தது, தட்டில் ஜெயித்தது என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. செமினாரில் இதையும் சொல்லம்மா.

---

தோல்பதம் | ஞாயிறு, இரவு 9.48

நான் பயாலஜி படித்தவன் இல்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோல் ஷாப்புகளில் கெமிஸ்டாக 38 வருடம். ஆனால் பாகாயம் தம்பி எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் டிரம்மில் தினமும் நடக்கிற கதை.

தோல் என்பதே புரதம்தான், கொலாஜன். குரோம் உப்பை அதற்குள் ஏற்றிக் கட்டினால் அழுகாத லெதர். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் என்ன நினைப்பார்கள்? குரோம் நன்றாக ஒட்டினால் நல்லது என்று. அங்கேதான் தப்பு. வந்தவுடனே ஒட்டினால் மேல்பரப்பிலேயே ஒட்டி நின்றுவிடும். மேலே நீலமாகப் பளபளக்கும், நடுவில் பதப்படாத பச்சைத்தோல். கொதிநீரில் போட்டால் சுருண்டுவிடும்.

அதனால் முதலில் பிக்கிள். உப்புத் தண்ணீரில் கந்தக அமிலம் விட்டு பி.எச்.சை (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3-க்குப் பக்கத்தில் கொண்டுவருவோம். உப்பு எதற்கென்றால், அது இல்லாமல் அமிலம் விட்டால் தோல் ஊதிப்போகும். அந்த அமிலத்தில் கொலாஜனின் கைகள் எல்லாம் மூடிக்கொள்ளும், குரோமைப் பிடிக்காது. பிடிக்காததால்தான் குரோம் நடுப்பகுதி வரைக்கும் ஊர்ந்து போகும். முழுக்கப் போய்ச் சேர்ந்த பிறகு சோடா கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பி.எச்.சை 4-க்குப் பக்கத்தில் ஏற்றுவோம். அப்போது கைகள் திறந்து குரோமைப் பிடித்துக்கொள்ளும். இதில் அவசரப்பட்டு ஒரே வாளியாகச் சோடாவைக் கொட்டியவனை நான் பார்த்திருக்கிறேன். அந்த லாட் அத்தனையும் போனது.

ஆக, போவது ஒரு வேலை, பிடிப்பது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. பி.எச்.சை வைத்து இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வைக்கிறோம்.

எங்கள் தாத்தா காலத்தில் குரோம் கிடையாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். அதிலும் இதே புத்தி. முதலில் பழைய, நீர்த்த சாறு. நாள் ஆக ஆகத்தான் கெட்டிச் சாறு. முதல் நாளே கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்தோல் இறுகிப் பூட்டிக்கொள்ளும், உள்ளே எதுவும் இறங்காது.

இன்னொன்று. மேலே பார்த்துத் தீர்ப்புச் சொல்லவே கூடாது. கழுத்துப் பக்கம், தடிப்பான இடத்தில் கத்தியால் ஒரு கீறு கீறி, வெட்டுமுகத்தில் புரோமோகிரெசால் பச்சை ஒரு சொட்டு விடுவோம். குறுக்கே முழுக்க மஞ்சளானால் அமிலம் நடு வரைக்கும் போயிருக்கிறது. நடுவில் நீலக்கோடு தெரிந்தால் டிரம் இன்னும் ஓட வேண்டும். உங்கள் மேடம் கேட்டதும் அதையேதான், நிலா பாப்பா. வெட்டிப் பார்த்தாயா என்கிறார்.

---

பாகாயம்_பஸ் | ஞாயிறு, இரவு 10.30

ஐயா, இதை நான் 12 வருடத்தில் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. இவ்வளவு பொருந்தும் என்று நினைக்கவே இல்லை.

எங்கள் பக்கமும் அப்படியே. செல்லின் மேல் ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் புல் மாதிரி வளர்ந்திருக்கும், எதிர்மின் நிறைந்தவை. நேர்மின் பெப்டைடு வந்து அதில் அப்படியே ஒட்டும். ஒட்டுவதால்தான் செல் விழுங்குகிறது. ஆனால் ஆர்ஜினினை இன்னும் இன்னும் சேர்த்துக்கொண்டே போனால் ரத்தத்தில் கண்ட புரதத்தோடு ஒட்டும், முதலில் தொட்ட திசுவிலேயே நின்றுவிடும், சவ்வையும் புண்ணாக்கும். மேலே நீலம், நடுவில் பதப்படாத தோல் என்ற உங்கள் கதையேதான்.

பி.எச். சமாச்சாரம் இன்னும் அழகு. வெளியே ரத்தத்தில் பி.எச். 7.4. பை உருவான பின் 6.5, 6, 5.5 என்று இறங்கி, லைசோசோமில் 5-க்கும் கீழே. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஏறக்குறைய 6-இல் நேர்மின் ஏற்கும். அதனால் பெப்டைடில் ஹிஸ்டிடினை நிறையச் செருகினால் வெளியே சாதுவாக இருக்கும், பைக்குள் அமிலம் ஏறியதும் விழித்துக்கொண்டு பையின் சவ்வைக் குத்தும். இன்னொரு வழி காலா என்ற 30 அமினோ அமிலப் பெப்டைடு. அதில் குளூட்டாமிக் அமிலங்கள் அதிகம். வெளியே எதிர்மின்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் தளர்ந்து கிடக்கும். பி.எச். 5 பக்கம் வந்ததும் அந்த மின்னேற்றம் அடங்கி, சுருள்கம்பி மாதிரி நிமிர்ந்து சவ்வில் துளை போடும். இன்ஃபுளுயன்சா கிருமி காலங்காலமாக எண்டோசோமிலிருந்து தப்பிப்பதும் பி.எச். இறங்குவதை உணர்ந்துதான். மனிதன் அதைப் பார்த்துக் காப்பியடிக்கிறான்.

ஒரே ஒரு இடத்தில் உங்கள் உவமை என்னை விட்டுப் போகிறது. உங்கள் டிரம்மில் தோல் உயிரோடு இல்லை. எவ்வளவு அமிலம் வேண்டுமானாலும் விடலாம். தேனீ விஷத்தில் மெலிட்டின் என்று 26 அமினோ அமிலப் பெப்டைடு இருக்கிறது. பையை உடைப்பதில் அதை மிஞ்ச முடியாது, ஆனால் சிவப்பணுவையும் சேர்த்து உடைத்துவிடும். செல்லைக் கொல்லாமல் பையை மட்டும் கிழிப்பது, அதுதான் 35 வருடமாக இழுத்தடிக்கிறது.

---

எதற்கும்_சந்தேகம் | திங்கள், காலை 7.15

உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லையே. மனிதனுக்குக் கொடுத்து என்ன ஆயிற்று?

---

பாகாயம்_பஸ் | திங்கள், இரவு 8.50

காலையில் கரண்ட் போய் இன்குபேட்டரோடு போராட்டம், அதனால் தாமதம்.

சந்தேகம் சார், உங்களுக்குச் சாதகமான கதையையே முதலில் சொல்கிறேன். நெரினெடைடு என்று 20 அமினோ அமிலப் பெப்டைடு. முதல் 11 டாட் துண்டு, மீதி 9 மூளை நரம்பணுவைப் பக்கவாதச் சேதத்திலிருந்து காக்கும் பகுதி. 1105 நோயாளிகளிடம் சோதித்து 2020-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மொத்தத்தில் பலன் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் உள்ளே ஒரு விசித்திரம் இருந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் கொடுக்கப்படாதவர்களிடம் பலன் இருப்பது போலத் தெரிந்தது, கொடுக்கப்பட்டவர்களிடம் இல்லை.

காரணம் யோசித்துப் பாருங்கள். ஆல்டிபிளேஸ் உடம்பில் பிளாஸ்மின் என்ற நொதியைக் கிளப்பிவிடும். பிளாஸ்மின் புரதத்தை எங்கே வெட்டும்? லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்து. டாட் துண்டு முழுக்க அதுதானே. எந்த எழுத்துகள் அதை உள்ளே கொண்டுபோகின்றனவோ அதே எழுத்துகளில் கத்தரி விழுந்துவிட்டது. பிறகு ஆல்டிபிளேஸ் இல்லாதவர்களை மட்டும் வைத்துத் தனியாக ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். அதிலும் முக்கிய இலக்கு எட்டப்படவில்லை.

ஜெயித்ததும் இருக்கிறது, ஆனால் வேறு வகை. லூட்டாதெரா என்று ஒரு மருந்து, அமெரிக்காவில் 2018-இல் அனுமதி. சில நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளின் மேல் சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பி மண்டிக் கிடக்கும். அதைத் தேடிப்போகும் குட்டிப் பெப்டைடில் லூட்டீசியம்-177 என்ற கதிரியக்க அணுவைக் கட்டி அனுப்புகிறார்கள். இங்கே பெப்டைடு சவ்வைக் கிழிப்பதில்லை, முகவரி மட்டும் எழுதுகிறது. செல் விழுங்கிப் பையில் வைத்துக்கொண்டாலும் கவலையில்லை, கதிர் பையைத் தாண்டி டி.என்.ஏ.வை அடிக்கும். தப்பிக்கவே வேண்டாத சரக்கு! என் கணக்கில் அது ஜெயித்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்த மருந்து சிறுநீரகத்தில் தங்கிக் கெடுக்காமல் இருக்க, கூடவே லைசினும் ஆர்ஜினினும் சொட்டு சொட்டாக நரம்பில் ஏற்றுவார்கள். எங்கே போனாலும் இந்த இரண்டு பேரும் வந்துவிடுகிறார்கள்.

முகவரிப் பெப்டைடு வேறு, ஊடுருவும் பெப்டைடு வேறு. செய்தித்தாளில் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள்.

---

எதற்கும்_சந்தேகம் | திங்கள், இரவு 9.20

இது பதில். ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் கொரோனா தடுப்பூசியில் வந்த கொழுப்பு உருண்டை போதுமே, பெப்டைடைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்?

---

பாகாயம்_பஸ் | திங்கள், இரவு 9.45

கல்லீரலுக்கு என்றால் போதும்தான், அங்கே பெப்டைடு தோற்றுவிட்டது என்றே சொல்வேன். நரம்பில் ஏற்றினால் கொழுப்பு உருண்டை பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் போகும். தசைக்கோ இதயத்துக்கோ மூளைக்கோ போக வேண்டும் என்றால் இன்னும் ஆள் தேடுகிறார்கள். அந்த உருண்டையும் ஒன்றும் சூரன் இல்லை. 2013-இல் எண்ணிப் பார்த்தபோது, உள்ளே போன எஸ்.ஐ. ஆர்.என்.ஏ.வில் பையை விட்டு வெளியே வந்தது 1 முதல் 2 சதவீதம்தான். நூறு பார்சலில் ஒன்றோ இரண்டோ. அதுவே மருந்தாகப் போதுமானதாக இருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

நிலா, இதையும் குறித்துக்கொள்: எஸ்.ஐ. ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றிலும் சுமார் 40 எதிர்மின் ஏற்றங்கள். டாட் துண்டில் 8 நேர்மின். ஒன்றோடு ஒன்றைக் கட்டினால் பெப்டைடின் கைகள் சரக்கைப் பிடிக்கவே சரியாகிவிடும், செல்லைப் பிடிக்கக் கை மிச்சமிருக்காது. அதனால்தான் ஒன்றுக்கு ஒன்று என்று கட்டாமல், நிறையப் பெப்டைடைக் கலந்து உருண்டையாக்குகிறார்கள்.

---

ஆரணி_அம்மா | செவ்வாய், மாலை 4.10

எனக்கு நீங்கள் எழுதுவதில் பாதி புரியவில்லை. என் மகனுக்கு 9 வயது. டூஷென் தசைச்சிதைவு என்று சொல்லிவிட்டார்கள். மாடிப்படி ஏற முடியவில்லை. ஒரு வாட்ஸப் குழுவில், பெப்டைடோடு சேர்த்த மருந்து வந்திருக்கிறது, சரியாகிவிடும் என்று போட்டிருந்தார்கள். போன் செய்தால், 'பெப்டைடு தெரபி', முதலில் 3 லட்சம் கட்டச் சொல்கிறார்கள். நகையை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். உண்மையா, பொய்யா, அதை மட்டும் சொல்லுங்கள்.

---

பாகாயம்_பஸ் | செவ்வாய், மாலை 4.55

அக்கா, நகையை வைக்காதீர்கள். முதலில் இதைப் படித்து முடியுங்கள்.

அந்தச் செய்தியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மீதி பொய். டூஷென் நோயில் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்துக்கான மரபணு கெட்டிருக்கும். அது மனிதனின் மிகப் பெரிய மரபணுக்களில் ஒன்று, 79 துண்டுகள் கொண்டது. மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் செல் வாசிக்கும். 'மரம் பழம் கடல்' என்று இருக்கிறது என்று வையுங்கள். நடுவில் ஒரு எழுத்து, 'ர' மட்டும் விழுந்துவிட்டால், 'மம்ப ழம்க டல்' என்றாகும், அதற்குமேல் எல்லாம் உளறல். ஆனால் 'பழம்' என்ற முழுச்சொல் விழுந்தால் 'மரம் கடல்' என்று குட்டையாக, ஆனால் வாசிக்கும்படி இருக்கும். உளறலாகிப்போன வரியில் இன்னொரு துண்டையும் வேண்டுமென்றே தாண்ட வைத்து, வாசிக்கும்படி ஆக்குவது ஒரு சிகிச்சை முறை. எடெப்ளிர்சன் என்ற மருந்து 51-ஆம் துண்டைத் தாண்ட வைக்கும். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி. நோயுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய 13 சதவீதத்தினருக்கே அது பொருந்தும். பொருந்தியவர்களிடமும் தசைக்குள் போவது ரொம்பக் குறைவு, புதிதாக உருவாகும் புரதமும் கொஞ்சம்தான்.

அதனால் அதே வகை மருந்தோடு ஆர்ஜினின் நிறைந்த பெப்டைடைக் கட்டிப் பார்த்தார்கள். வெஸ்லெடெப்ளிர்சன் என்று பெயர். தசைக்குள் அதிகமாகவே போனது, புரதமும் அதிகம் வந்தது. ஆனால் ரத்தத்தில் மக்னீசியம் அபாயகரமாகக் குறைந்தது. 2024-இல் அந்த நிறுவனமே அதைக் கைவிட்டுவிட்டது. வேறு சிலரின் மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. சோதனையில் சேர்கிற நோயாளியிடம் மருந்துக்குப் பணம் கேட்கக் கூடாது. 3 லட்சம் கேட்கிறவர்களிடம் இருப்பது இது எதுவும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: மகனின் மரபணுப் பரிசோதனை அறிக்கையில் எந்த எண் துண்டு இல்லை என்று எழுதியிருக்கும், அதைப் பத்திரமாக வையுங்கள். எந்த நல்ல சோதனை வந்தாலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தாதீர்கள். பிசியோதெரபியையும், வருடாவருடம் எடுக்கும் எக்கோ என்ற இதய ஸ்கேனையும் விடாதீர்கள். உங்களுக்கும் மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம், தங்கை இருந்தால் அவருக்கும் கூட, அதை மரபியல் டாக்டரிடம் கேளுங்கள்.

அறிக்கை இருந்தால் எண்ணை மட்டும் இங்கே சொல்லுங்கள், பெயர் எதுவும் வேண்டாம்.

---

ஆரணி_அம்மா | செவ்வாய், இரவு 8.02

48 முதல் 50 வரை இல்லை என்று இருக்கிறது.

---

பாகாயம்_பஸ் | செவ்வாய், இரவு 8.15

அப்படியானால் 51-ஐத் தாண்ட வைக்கும் வகையில் வருகிறது அக்கா. அந்த 13 சதவீதத்தில் உங்கள் பையன் ஒருவன். இதை டாக்டரிடம் இதே வார்த்தையில் கேளுங்கள்: "51 ஸ்கிப்பிங்குக்குப் பொருந்துமா, இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட சோதனை ஏதாவது நடக்கிறதா?" நாளைக்கே குணமாகும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்க வேண்டிய சரியான கேள்வி இது.

---

தோல்பதம் | செவ்வாய், இரவு 8.40

அம்மா, காசு கட்டிவிடாதீர்கள். எங்கள் தெருவிலும் இப்படி ஒரு குடும்பம் ஏமாந்திருக்கிறது.

தம்பி, ஒரு சந்தேகம். நம் சி.எம்.சி.யில் ஹீமோஃபீலியாவுக்கு ஜீன் சிகிச்சை செய்து ரத்தக்கசிவே நின்றுவிட்டது என்று பேப்பரில் வந்ததே, அது பெப்டைடா?

---

பாகாயம்_பஸ் | செவ்வாய், இரவு 9.30

இல்லை ஐயா. அது லென்டிவைரஸ். எச்.ஐ.வி. குடும்பத்துக் கிருமியின் நோய்ப் பகுதியை உருவிவிட்டு, வண்டியை மட்டும் வைத்துக்கொண்டது. 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 5 பேர், கடுமையான ஹீமோஃபீலியா ஏ. அவர்களின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் ஜீனை அதில் ஏற்றித் திரும்பக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் ரத்தக்கசிவு பூஜ்யம்.

உடம்புக்கு வெளியே தட்டில் வைத்துச் செய்வதால் பாதித் தலைவலி இல்லை. ரத்தத்தில் இருக்கும் வெட்டும் நொதி அங்கே இல்லை, கல்லீரல் பிடுங்கிக்கொள்ளாது. அப்படியும் முதல் 2 பேருக்கு அடுத்து வந்த 3 பேருக்கு, வைரஸ் நன்றாக நுழைய உதவும் ஒரு துணைப்பொருளைச் சேர்த்தார்கள். வைரஸுக்கே தள்ளிவிட ஆள் தேவைப்படுகிறது!

லேப்களில் இந்தத் தள்ளிவிடும் வேலைக்குப் பழைய கை ஒன்று உண்டு, புரோட்டமின். மீன் விந்திலிருந்து எடுக்கும் சிறு புரதம், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆர்ஜினின். இதயச் சிகிச்சைக்குப் பின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஹெப்பரினை முறிக்க டாக்டர்கள் கொடுப்பதும் இதுவே. வீட்டில் யாராவது பால் மாதிரி கலங்கிய என்.பி.எச். இன்சுலின் போட்டிருந்தால், அந்த நடு எழுத்து புரோட்டமின்தான். நியூக்ளியஸின் பொருளை 1869-இல் முதலில் பிரித்த மீஷர், பிறகு ரைன் ஆற்று சால்மன் மீனின் விந்தில் 1874-இல் கண்டுபிடித்தது இது. விந்தணுவின் தலைக்குள் டி.என்.ஏ.வை ஊறுகாய்ப் பாத்திரம் மாதிரி அமுக்கி அடைப்பது அதன் வேலை. ஆர்ஜினினால் டி.என்.ஏ.வைச் சுருட்டிச் செல்லுக்குள் அனுப்பலாம் என்று நாம் பேப்பர் போடுவதற்குக் கோடி வருடம் முன்பே மீன் அதைச் செய்துகொண்டிருக்கிறது.

---

பாலாறு_எங்கே (மட்டுறுத்துநர்) | புதன், காலை 6.50

அக்கா சொன்ன வாட்ஸப் எண்ணை ஒருவர் இங்கே ஒட்டியிருந்தார், நீக்கிவிட்டேன். திட்டுவதற்காகக்கூட எண்களைப் போட வேண்டாம். மற்றபடி தொடருங்கள், ரொம்ப நாளைக்குப் பிறகு பிரியாணிச் சண்டை இல்லாத இழை.

---

சத்துவாச்சாரி_நிலா | புதன், காலை 8.20

கோட்டை ஸ்லைடை எடுத்துவிட்டேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது முதல் ஸ்லைடு, வெட்டுமுகம். தோல்பதம் ஐயா, பாதி பிக்கிள் ஆன தோல், முழுசாக ஆன தோல், இரண்டிலும் ஒரு துண்டு கிடைக்குமா? வகுப்பில் எல்லார் முன்னாலும் சொட்டு விட்டுக் காட்டலாம் என்று ஆசை.

---

தோல்பதம் | புதன், காலை 8.31

கிடைக்கும் பாப்பா. எனக்குத் தெரிந்த ஷாப்பில் சொல்லி வைக்கிறேன். வியாழன் சாயங்காலம் முத்துக்கடை ஸ்டாப்பில் இறங்கு, நான் வந்து கொடுக்கிறேன். புரோமோகிரெசால் பச்சை உங்கள் லேபிலிருந்து எடுத்துக்கொள், என் பாட்டில் காய்ந்து பல வருடம் ஆகிறது. இரட்டைக் கவரில் கட்டித் தருகிறேன், பஸ்ஸில் திறந்துவிடாதே.

---

சத்துவாச்சாரி_நிலா | வெள்ளி, மாலை 5.40

முடிந்தது! முதல் துண்டில் ஓரம் இரண்டும் மஞ்சள், நடுவில் பட்டையாக நீலம். பின் வரிசையிலிருந்துகூட எழுந்து வந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு எண்டோசோமை விளக்க இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. நெரினெடைடு கதைக்கு மேடம் தலையாட்டினார். கடைசியில் "சரி, பையை விட்டு வெளியே வந்தது என்று எப்படி அளப்பாய்?" என்று கேட்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை, திங்கட்கிழமைக்குள் படித்துவிட்டு வரச் சொன்னார்.

தோலைக் கையில் எடுத்து முகர்ந்துவிட்டு, "இதை முதலில் வெளியே வை" என்றும் சொன்னார்.

---

பாகாயம்_பஸ் | வெள்ளி, மாலை 6.05

சைட்டோபிளாசத்துக்கு வந்தால் மட்டும் ஒளிரும்படி புரதத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைச் செல்லிலும் மறு பாதியைப் பெப்டைடிலும் வைக்கிற முறை ஒன்று உண்டு. ஞாயிறு மதியம் நேரம் இருக்கிறது, இங்கேயே எழுதுகிறேன்.